பத்து பவுண்டும் ஒரு பெட்டித் துணியும்

தொழிற்புரட்சி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நீராவி எஞ்சின், மான்செஸ்டர் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய சின்னப் பையன்கள். பத்து மார்க் கேள்விக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பாடப்புத்தகம் வாயே திறக்காது. காலையில் அம்மா மில்லுக்குப் போய்விட்டால் அவளுடைய கைக்குழந்தை சாயங்காலம் வரை எங்கே இருந்தது?

பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தது. வாரத்துக்கு இத்தனை ஷில்லிங் என்று வாய்ப்பேச்சில் முடிந்த ஏற்பாடு அது. கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது.

இன்றைக்கு இங்கிலாந்தில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரை சைல்ட்மைண்டர் என்கிறார்கள். அந்த வேலையை ஒருவர் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் பதிவு, குற்றப்பின்னணிச் சோதனை, முதலுதவிப் பயிற்சி, காப்பீடு என்று வரிசையாக எல்லாம் முடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெற்றோரை வீட்டுக்கு வரச்சொல்லிப் பேச வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தப் படிவத்தைப் பார்த்தால் தூக்கம் வரும். எத்தனை மணிக்கு விடுவீர்கள், எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், கட்டணம் வாரமா மாதமா, மருந்து யார் கொடுப்பது, அழைத்துப்போக வேறு யார் வரலாம்... வாடகை வீட்டு அக்ரிமென்ட் மாதிரியே இருக்கும். ஆனால் இந்த வரிகள் எல்லாம் ஏன் வந்தன என்று பின்னோக்கிப் போனால் நாம் போய் நிற்கிற இடம் விக்டோரியா காலத்து போலீஸ் கோர்ட். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கனம். இளகிய மனசுக்காரர்கள் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. (ஓடாதீர்கள், எளிய வகுத்தல்தான்.)

1834-ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தையின் முழுப்பொறுப்பும் தாயின் தலையில் விழுந்தது. தகப்பனிடம் காசு வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம் ஆனது. 1844-க்குப் பிறகு தாய் நீதிபதியிடம் போய்க் கேட்கலாம் என்று வழி விட்டார்கள். ஆனால் அதிகபட்சம் வாரத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ்தான் கிடைக்கும். 1872-ல்தான் அது 5 ஷில்லிங் ஆனது. அந்தக் காலத்தில் வேலைக்குப் போன பெண்களில் ஏராளமானவர்கள் பணக்கார வீடுகளில் தங்கி வேலை செய்தவர்கள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே வேலை போய்விடும். மறுபடி வேலை வேண்டுமென்றால் குழந்தையை எங்காவது விட்டே ஆக வேண்டும். யோக்கியமான ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துப் பார்க்க வாரம் 5 ஷில்லிங் கேட்பாள். அது ஒரு வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தையே தின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் செய்தித்தாள் விளம்பரங்கள் வந்தன. குழந்தை இல்லாத தம்பதி, நல்ல வீடு, தாயன்பு, மொத்தமாக 5 பவுண்டு கொடுத்தால் போதும், சொந்தக் குழந்தையாக வளர்ப்போம். படிக்கிறவளுக்குக் கடவுளே இறங்கி வந்தது போல இருந்திருக்கும்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 5 பவுண்டு என்றால் 100 ஷில்லிங். வாரம் 5 ஷில்லிங் செலவு என்று வைத்தால் 20 வாரத்துக்கு வரும். இருபத்தோராவது வாரம் குழந்தை உயிரோடு இருந்தால் வளர்ப்பவளுக்கு நஷ்டம். முதல் வாரமே இறந்துவிட்டால் 95 ஷில்லிங் லாபம். வாரக்கூலி வாங்குபவளுக்கோ கணக்கு தலைகீழ். குழந்தை இருக்கும்வரைதான் காசு வரும். இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டில் இருக்கலாம், முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லிவிட முடியாது. வித்தியாசம் எல்லாம் காசு எப்படிக் கைமாறியது என்பதில் இருந்தது. பத்திரிகைகள் இந்தத் தொழிலுக்கு 'பேபி ஃபார்மிங்' என்று பெயர் வைத்தன. குழந்தைப் பண்ணை! கோழிப்பண்ணை போல.

1868-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஆசிரியர் எர்னஸ்ட் ஹார்ட் இந்த விளம்பரங்களின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் நாடே அதிர்ந்தது. 1870-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் மார்கரெட் வாட்டர்ஸ் என்ற விதவையின் வீட்டில் போலீஸ் நுழைந்தபோது, பட்டினியில் வற்றி, அபின் மயக்கத்தில் சத்தமே போடாமல் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். ரெல்ஃப் என்ற சார்ஜென்ட் விளம்பரங்களைத் தொடர்ந்துபோய்த்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். வாட்டர்ஸ் 1870 அக்டோபர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய தங்கைக்கு 18 மாதக் கடுங்காவல்.

வாட்டர்ஸை அரக்கியாக வரைவது சுலபம், அன்றைய பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. எனக்கு உறுத்துவது வேறு. புருஷன் போனபின் கையில் இருந்த பணத்தைப் போட்டுத் தையல் தொழில் செய்து, அது நொடித்து, கடனாகி, அதற்கப்புறம் இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் கொடுத்தவளும் வேறு வழி இல்லாதவள், வாங்கியவளும் வேறு வழி இல்லாதவள். எந்தக் கையிலும் சேராமல் இருந்தவன் அந்தத் தகப்பன் ஒருத்தன்தான். அவனைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லை.

1871-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1872-ல் சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை, கூலிக்கு, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பவர் வீட்டைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பெயர், வயது, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். குழந்தை இறந்தால் மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் பெண்ணுரிமைக்காரர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாக்குரிமைப் போராளி லிடியா பெக்கர் அவர்களில் ஒருவர். யோசித்துப் பார்த்தால் அவர்கள் வாதத்தில் சாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கெல்லாம் பதிவு, ஆய்வு என்று போனால், பயந்துகொண்டு யாருமே குழந்தையை ஏற்க மாட்டார்கள். வேலைக்குப் போகும் ஏழைத் தாய் என்ன செய்வாள்? தன் குழந்தையை யாரிடம் விடுவது என்பதைத் தாய் முடிவு செய்ய வேண்டுமா, ஆண்கள் மட்டுமே வாக்களித்து அமைந்த அரசாங்கம் முடிவு செய்ய வேண்டுமா? இந்த எதிர்ப்பின் விளைவாகப் பகல்நேரப் பராமரிப்பு சட்டத்துக்கு வெளியிலேயே விடப்பட்டது. அந்தக் கதவு 1948 வரை, அதாவது 76 வருஷம், திறந்தே கிடந்தது. அது பிறகு.

1872 சட்டத்தில் இருந்த ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். 'இரண்டு குழந்தை' என்றால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்பவளுக்குச் சட்டம் இல்லை. குழந்தைக்கு ஒரு வயது தாண்டினாலும் இல்லை. லண்டன் மாநகரம் முழுவதற்கும் ஆரம்பத்தில் ஒரே ஒரு ஆய்வாளர்!

இந்த ஓட்டைகளுக்குள் வருஷக்கணக்காக வாழ்ந்தவர்தான் அமீலியா டயர். நர்ஸ் பயிற்சி பெற்றவர். 1879-ல் அவரிடம் இருந்த குழந்தைகளுக்கு அடிக்கடி இறப்புச் சான்றிதழ் எழுத வேண்டி வந்ததில் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. கிடைத்த தண்டனை, அலட்சியத்துக்காக ஆறு மாதம். வெளியே வந்தபின் அவர் கற்றுக்கொண்ட பாடம், டாக்டரையே கூப்பிடக் கூடாது என்பது. ஊரை மாற்றினார், பெயரை மாற்றினார்.

1896-ல் செல்ட்னம் நகரில் மதுக்கூடத்தில் வேலை செய்த ஓர் இளம்பெண், தன் இரண்டு மாதப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நல்ல பெண்மணி தேவை என்று பிரிஸ்டல் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். அதே பத்திரிகையில், குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் தம்பதி, 10 பவுண்டு என்று இன்னொரு விளம்பரம். கடிதம் போனது, பதில் வந்தது. கிராமத்து வீடு, எதிரில் பழத்தோட்டம், நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றெல்லாம் இனிக்க இனிக்க எழுதியிருந்தார் 'திருமதி ஹார்டிங்'.

அந்தத் தாய் கேட்டது வாரக்கட்டணம். என்றாவது ஒருநாள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை அவருக்கு. ஹார்டிங் ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தமாக 10 பவுண்டு, அவ்வளவுதான். வேறு வழி இல்லாமல் தாய் இறங்கிவந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சுவார்த்தை நடந்தது செல்ட்னத்தில், தாய் இருந்த இடத்தில். ஹார்டிங்தான் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். தாய் பத்து பவுண்டையும் ஒரு பெட்டி நிறையக் குழந்தைத் துணியையும் கொடுத்து, ரயிலில் கூடவே க்ளோஸ்டர் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். அந்தப் பழத்தோட்ட வீட்டை அவர் பார்க்கவே இல்லை. அப்படி ஒரு வீடு இருந்திருந்தால்தானே பார்ப்பதற்கு.

எல்லாம் நலம் என்று ஒரு கடிதம் வந்தது. இவர் பதில் போட்டார். அதற்குப் பதில் இல்லை.

மார்ச் 30 அன்றே ரெடிங் அருகில் தேம்ஸ் நதியில் படகுக்காரர் ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுத்திருந்தார். உள்ளே வேறொரு குழந்தையின் உடல். சுற்றியிருந்த காகிதத்தில் மங்கலாக ஒரு பெயரும் முகவரியும் இருந்தன. போலீஸ் ஓர் இளம்பெண்ணைக் குழந்தை கொடுக்க விரும்பும் தாய் போல நடிக்க வைத்து வலை விரித்தது. வீட்டில் கிடைத்தவை: அடகுச் சீட்டுகள், விளம்பரக் கட்டண ரசீதுகள், தத்து ஏற்பாடு பற்றிய தந்திகள், அப்புறம் என் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தாய்மார்கள் எழுதிய கடிதங்கள். இந்தக் கடைசி ஐட்டத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். செல்ட்னம் குழந்தையின் உடலும் நதியில் கிடைத்தது. ஜூரி சில நிமிடங்களிலேயே முடிவு சொன்னது. 1896 ஜூன் 10 அன்று நியூகேட் சிறையில் தூக்கு.

அடுத்த வருஷமே, 1897-ல், புதுச் சட்டம். வயது வரம்பு ஐந்தாக உயர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வாங்குபவர் 48 மணி நேரத்துக்குள் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் ஒரே ஒரு குழந்தைதான் என்றாலும், மொத்தத் தொகையாக 20 பவுண்டு அல்லது அதற்குக் குறைவாக வாங்கினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நம் வகுத்தல் கணக்கைச் சட்டம் எழுதியவர்களும் போட்டிருக்கிறார்கள்! மலிவாக மொத்தப்பணம் வாங்குவதுதான் ஆபத்தின் அடையாளம் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. பணம் வாங்கி வளர்ப்பவர் அந்தக் குழந்தையின் பேரில் ஆயுள் காப்பீடு எடுக்கவும் முடியாது என்று ஆனது. 1908 குழந்தைகள் சட்டம் கூலிக்கு வைத்திருக்கும் ஒற்றைக் குழந்தையையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது, வயது வரம்பு ஏழு. சட்டப்படியான தத்தெடுப்பே அங்கே 1926-ல்தான் வந்தது. அதுவரை 'தத்து' என்ற சொல்லுக்கு விளம்பரத்தில் மட்டும்தான் அர்த்தம்.

சரி, திறந்து கிடந்த அந்தக் கதவுக்கு வருவோம். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் வீடுகள்.

இங்கே கொலைகாரிகள் கதை இல்லை. லங்காஷயர் மில் ஊர்களில் வயதான பாட்டிகளும் நோயாளிப் பெண்களும் நாலைந்து குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் அழாமல் இருக்க 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற சிரப். வெல்லப்பாகு மாதிரி இனிப்பாக இருக்கும், உள்ளே அபின். 1868 மருந்தகச் சட்டம் அபின் விற்பனையைக் கட்டுப்படுத்தியபோதும் இந்த மாதிரி பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தது. தாயே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. ராத்திரி அவளும் தூங்க வேண்டுமே. அபின் பசியை அடக்கிவிடும். குழந்தை அழாது, அழாததால் பாலும் கேட்காது, கேட்காததால் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். யார் மேலும் வழக்குப் போட முடியாத சாவு.

இரண்டாம் உலகப்போரில் பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போன பிறகுதான் அரசாங்கத்துக்கு இந்த வீடுகள் கண்ணில் பட்டன. 1948-ல் பகல்நேரப் பராமரிப்பாளருக்கும் பதிவுச் சட்டம் வந்தது, ஆனால் இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். பழைய ஓட்டை, புது எண்ணிக்கை. ஒரே குழந்தை என்றாலும் பதிவு என்று 1968-ல் திருத்தினார்கள்.

திருத்தினால் போதுமா? 1970-களில் பிரையன் ஜாக்சன் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் தொழில் நகரங்களில் விடியற்காலை இருட்டில் தெருவில் நின்று பார்த்தார்கள். ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை எந்தெந்த வீடுகளில் விடுகிறார்கள் என்று. பதிவேட்டில் இல்லாத வீடுகள் வந்துகொண்டே இருந்தன. விடுபவர்களில் கரீபியத் தீவுகளிலிருந்தும் நம் துணைக்கண்டத்திலிருந்தும் குடிபோனவர்கள் நிறைய. பிரையனும் சோனியா ஜாக்சனும் 1979-ல் வெளியிட்ட 'சைல்ட்மைண்டர்' என்ற நூல் இதைப் பற்றியதுதான். இந்தப் பெண்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களுக்குப் பயிற்சியும் பொம்மையும் மரியாதையும் கொடுங்கள் என்பது அவர்கள் கட்சி. லிடியா பெக்கர் கேட்ட கேள்விக்கு நூறு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் என்றே இதைச் சொல்வேன். 1977-ல் சைல்ட்மைண்டர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் பிறந்தது (2013-ல் அதன் பெயர் பேசி என்று மாறியது). அச்சடித்த ஒப்பந்தப் படிவம் பழக்கத்துக்கு வந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது அந்தத் தூக்கம் வரவழைக்கும் படிவத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கட்டணம் வாரத்துக்கோ மாதத்துக்கோ, முன்கூட்டி. இது பத்து பவுண்டுக்கு எதிர்ப்பதம். விலக வேண்டுமென்றால் இரு தரப்பும் இத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும் (பெரும்பாலும் நாலு வாரம் போடுகிறார்கள்). தாய்க்குத் திடீரென்று ஆள் இல்லாமல் போகக்கூடாது, பராமரிப்பவருக்குத் திடீரென்று வருமானம் போகக்கூடாது. விடுமுறைக்கும் நோய்நாளுக்கும் பாதிக் கட்டணமா முழுக் கட்டணமா என்று எழுதிவைப்பதும் அதே காரணத்துக்குத்தான். பட்டினி கிடக்கும் பராமரிப்பாளர் யாருக்கும் நல்லதல்ல என்பதை மார்கரெட் வாட்டர்ஸ் வீடு காட்டியாயிற்று. மருந்து என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி, கொடுத்த ஒவ்வொரு முறையும் குறிப்பு. காட்ஃப்ரே சிரப்பின் நிழல். தினமும் வந்த நேரம், போன நேரம் பதியும் புத்தகத்தின் தாத்தா 1872 பதிவேடு.

முதல் சந்திப்பு பராமரிப்பவரின் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வார்கள். ரயில் நிலையத்தில் அல்ல! குழந்தை தூங்கும் இடம், சமையலறை, பின்வாசல் கேட் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள், பதிவுச் சான்றிதழையும் கடைசி ஆய்வறிக்கையையும் கேட்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள், முடிந்தால் மற்ற குழந்தைகள் இருக்கும் நேரத்தில் இன்னொரு முறை வரச்சொல்லுங்கள் என்பார்கள். நேர்காணல் என்றாலும் கேள்வி கேட்பது ஒரு பக்கம் மட்டும் அல்ல. குழந்தைக்கு ஒவ்வாமை உண்டா, எப்படித் தூங்கும், பெற்றோரில் யாருக்குச் சட்டப்படி உரிமை, அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று பராமரிப்பவரும் கேட்டாக வேண்டும். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் இங்கிலாந்தில் கணக்கு உண்டு. பொதுவாக எட்டு வயதுக்குக் கீழ் ஆறு பேர், அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த சிறுசுகள் மூன்று பேர், ஒரு வயது ஆகாதது ஒன்று.

கடைசியாக ஒரு வழக்கு. வகுப்பில் விவாதத்துக்கு வைத்தால் சண்டை நிச்சயம்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியா? 1990-களில் லண்டனின் சட்டன் நகராட்சி, குழந்தைகளை அடிக்க மாட்டேன் என்று உறுதி தரச்சொல்லி ஒரு சைல்ட்மைண்டரைக் கேட்டது. அவர் மறுத்தார். பெற்றோர் சம்மதித்தால் லேசாக ஒரு தட்டுத் தட்டலாம் என்பது அவர் நிலை. பதிவு மறுக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 1994-ல் அவர் பக்கமே தீர்ப்பானது. தாயின் விருப்பம் பெரிதா, சட்டம் பெரிதா என்ற 1872-ன் அதே சண்டை, இந்த முறை ஜெயித்தது தாயின் கையெழுத்து.

என்னைக் கேட்டால், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அடி விழுவது அவருக்கு. 2003-ல் விதி மாறியது. இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் குழந்தையை அடிக்கக் கூடாது, பெற்றோர் எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.